பூட்டிய அலமாரிக்கு வெளியே கெய்ஸோ

ஜப்பானில் அரக்குக் கிண்ணங்களுக்குப் பேர்போன வாஜிமாவில், எங்கள் சந்தில் கெய்ஸோ உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சோற்றுக் கிண்ணத்தோடு எழுந்து வாசல்வரை வருவார், வானத்தைப் பார்ப்பார், உள்ளே போவார். நான் பக்கத்து வீட்டில் மரக் கிண்ணங்களுக்கு அரக்கின் அடிப்பூச்சு போட்டுவந்தேன். அவர் நடுப்பூச்சுக்காரர். பெயரும் மரியாதையும் மேல்பூச்சுக்குத்தான். அதை அவரை நம்பி யாரும் கொடுக்கவில்லை.

கையில் குறை இல்லை. தூரிகையைப் பிடித்தால் உடம்பே அடங்கிவிடும். பூசி முடித்த பிறகுதான் தொல்லை. அரக்கு வெயிலில் காய்வதில்லை. ஈரக் காற்றில்தான் இறுகும். ஈரத்துணி வைத்த அலமாரிக்குள் கிண்ணங்களை வைத்து, பூச்சு வழியாதிருக்கக் கொஞ்ச நேரம் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்தி விட்டுவிட வேண்டும். அவரால் விட முடியாது. திறப்பார். திறந்தால் தூசி.

“அது என்ன குழந்தையா, எழுந்து போயிடுமா?” என்பாள் மனைவி தொமியே.

“எப்படி இருக்குன்னு பாக்கறேன்.”

“நீங்க பாக்காத வரைக்கும் நல்லா இருக்கும்.”

ஒரு ஜூன் மாதம் மேல்பூச்சுக்காரர் ஒருவர் நோயில் படுத்துவிட, கடை முதலாளி நகாசே ஒரு கோயில் விருந்துக்கான சிவப்புக் கிண்ணங்களைக் கெய்ஸோவிடம் தந்தார். “இது நல்லா வந்தா இனிமே மேல்பூச்சு உங்களுக்கு. வரலேன்னா இன்னொரு தடவை கேக்காதீங்க.”

நன்றாகத்தான் பூசினார். ஆனால் மழைக்காலம்; சுவரே வேர்த்தது. அப்படிப்பட்ட நாளில் துணியை நனைக்கவே கூடாது. அது அவருக்கும் தெரியும். சும்மா இருப்பதைவிடத் தவறு செய்வது சிலருக்கு எளிது. நனைத்தார். மறுபடி போய் நனைத்தார். அரக்கு மேலே அவசரமாக இறுகி, அடியில் இளகியே கிடந்து, பாலாடைபோலச் சுருங்கிவிட்டது.

நகாசே வந்தபோது கெய்ஸோ எதையும் மறைக்கவில்லை. “நான்தான் கெடுத்தேன். ஈரம் போதாதுன்னு தோணிச்சு.”

“ஊரே ஊறிக் கிடக்கு, உங்களுக்கு ஈரம் போதலையா?”

தொமியே சமையலறையிலிருந்து வந்தாள். “விருந்து எப்ப முதலாளி?”

“இலையுதிர் காலத்துல.”

“அப்ப நேரம் இருக்கு. நல்லா இறுகினதும் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி பூசட்டும். அலமாரி என் பொறுப்பு. பூசி முடிச்சதும் பூட்டிட்டு இவரை வெளிய தள்ளிடறேன்.”

“வெளிய எதுக்கு? பூட்டினா போதாதா?”

“பூட்டை உடைச்சிடுவாரு.”

நகாசே சிரிக்கவில்லை. ஒரு கிண்ணத்தின் சுருங்காத பக்கத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். “ஒரே ஒரு தடவை” என்றார்.

அந்தத் தடவை சரியாக வந்தது. கெய்ஸோ மேல்பூச்சுக்காரர் ஆனார். ஊரில் அவரைவிட நல்ல கை இரண்டு பேருக்காவது இருந்தது. ஆனால் வயதாகித் தூரிகையைக் கீழே வைக்கும்வரை அவருக்கு வேலை வந்துகொண்டிருந்தது.

பூச்சு இறுகும் நாட்களில் ஊர் முழுக்க அலைவார். காலைச் சந்தையில் மீன் விலை கேட்பார், வாங்க மாட்டார். “என்ன அண்ணே, இன்னைக்கு உங்களக் காயப் போட்டுட்டாங்களா?” என்று மீன்காரிகள் கத்துவார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், பாலத்தருகே நின்றவரிடம், பழகிவிட்டதா என்று கேட்டேன்.

“எங்க பழகுது? ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்த் திறந்து பாக்கணும்னு இருக்கு. உள்ள என்ன ஆகுதோ.”

வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். பிறகு திரும்பி, துறைமுகத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.