கேசட்டுக்குக் காவல்

பழைய கேசட்டை சிடியாக மாற்றித் தரும் வேலையில், கொடுக்கிறவருக்கு நம் மேல் சந்தேகம், வாங்குகிற நமக்கு அவர் மேல் சந்தேகம். வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைச் செய்து அவதிப்பட்ட அன்பர்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. நான் அவதிப்பட்டது டெல்லி ஆர்.கே.புரம் அரசு குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமைகளில். மற்ற நாட்களில் மத்திய அரசு குமாஸ்தா. அனுமதியில்லாமல் பக்கத் தொழில் செய்வது மேலே தெரிந்தால் வேலைக்கே உலை வைத்துவிடும். அதனால் அழைப்பு மணி அடித்தாலே முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

சிவப்பு நகப்பூச்சு

கிட்வாய் நகரிலிருந்து ஒரு செக்‌ஷன் ஆபீசர் நாதஸ்வரக் கேசட் கொண்டுவந்தார். ஒரு மணி நேரக் கேசட் ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும், சாயங்காலம் வாருங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஆபீசில் ஃப்ளாப்பி அரை நிமிடத்தில் காப்பி ஆகிறதே என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த காப்பியைக்கூட கேசட்டின் மேல் கண்ணை வைத்தபடியே குடித்தார்.

எல்லாம் முடிந்ததும் கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் திருகாணிகள் மேல் வீட்டிலிருந்தே நகப்பூச்சு வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நான் கேசட்டைத் திறந்து நாடாவை மாற்றினால் தெரிந்துவிடுமாம். பூச்சு அப்படியே இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அவர் சமாதானமாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கோ சார், என் சொந்தத் தம்பிகிட்ட குடுத்தாலும் இப்படித்தான் குடுப்பேன்."

ஆள் மாறாட்டம்

அடுத்த பிளாக் மாமி, மகள் சின்ன வயதில் நவராத்திரி கொலுவில் பாடிய கேசட்டைத் தந்தார். பாட்டரி தீர்ந்துகொண்டிருந்த டேப் ரெக்கார்டரில் பதிந்தது. அப்படிப் பதிந்த பாட்டு, பிறகு போடும்போது ஓட்டம் பிடிக்கும். குழந்தை கீச்சுக்கீச்சென்று கத்தியது. நான் வேகத்தைக் குறைத்து, இரைச்சலைக் களைந்து, பெருமையாக சிடியைப் போட்டுக் காட்டினேன்.

மாமியின் முகம் இறுகிக்கொண்டே போனது. வேறு யார் வீட்டுக் கேசட்டோடோ மாற்றிவிட்டேனாம். அசலைப் போட்டுக் காட்டி விளக்கியும் பயனில்லை. "என் பொண்ணை எனக்குத் தெரியாதா? அவ இவ்வளவு நன்னா பாட மாட்டா."

ரசீது கேட்டவர்

இவர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவர். முனிர்காவிலிருந்து வந்த இளைஞர், ஒட்ட வெட்டிய முடி. எனக்கு எந்த ஆபீஸ், யாரெல்லாம் கேசட் தருகிறார்கள், அவர்கள் இங்கே தமிழர்கள் கூடும் கோயிலில் பழக்கமானவர்களா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் ரசீது வேண்டும் என்றார். அரசு ஊழியர்களை வேவு பார்க்கும் விஜிலன்ஸ் ஆள்தான் என்று முடிவு கட்டி, இது வெறும் பொழுதுபோக்கு, காசே வாங்குவதில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் மசியவில்லை. தானும் கூட இருப்பேன், ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், நீங்கள் கேட்கக் கூடாது என்றார். யாரோ லஞ்சம் வாங்கியபோது ரகசியமாகப் பதிந்த பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் பதியப் பதியத் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். பாதியில் அது மெலிந்து நூலாகிவிட்டது. பேச்சா, வெறும் இரைச்சலா என்று கேட்காமல் தெரியாது. பேச்சென்றால் ஒலியைக் கூட்டிப் பதிய வேண்டும். நாடாவோ இற்றுப்போயிருந்தது, இன்னொரு ஓட்டம் தாங்காது. கேசட்டை நிறுத்திவிட்டு, யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஹெட்போனை அவரிடம் நீட்டினேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அப்புறம்தான் வாயைத் திறந்தார். அப்பா பட்டாளத்தில் எல்லையில் இருந்தபோது, எழுதத் தெரியாத அம்மா பேசி அனுப்பிய கேசட். போன வருஷம் அம்மா இறந்துவிட்டார். அவர் குரல் இருப்பது இது ஒன்றில்தான். யாருக்கும் தராத அப்பாவிடமிருந்து கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். ரசீது அப்பாவிடம் காட்டத்தான். அம்மாவைத் தெரிந்த யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதென்றுதான் அத்தனை கேள்வியும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஹெட்போனை என் பக்கமே தள்ளினார். "அச்சா, நீங்களே கேளுங்கண்ணே. அம்மா அப்பாட்ட தனியா பேசினது, மகன் நான் கேக்கக் கூடாது."

அம்மாவின் குரல் முழுசாக சிடிக்கு வந்துவிட்டது என்றாலும், ஹெட்போனில் என்ன கேட்டேன் என்று நான் சொல்ல மறுப்பதால், என் மனைவிக்கு இன்றுவரை என் மேல் தீராத சந்தேகம்.