கழுவிவிட்ட பாறைக்குழி

எங்கள் மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. அம்மாவின் தம்பி அவர். மலையை விட்டு இறங்கி, அடிவாரத்தில் நிலம் வாங்கி மஞ்சள் போட்டவர். கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் வெறும் புழுதியைக் கக்கிய பிறகு, மழை பெய்கிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு மலைமேல் தேவனூர் நாட்டிலிருந்த எங்கள் வீட்டுக்கு ஒற்றைப் பையோடு பஸ் ஏறி வந்தார். வந்த மறுநாளே மாட்டுக்கொட்டகையைக் கழுவினார். அப்புறம் அப்பாவின் வண்டி. அப்புறம், யாரும் கேட்காமலே, கோழிக்கூண்டு. எதையாவது கழுவாமல் சோற்றுக்கு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறவியிலேயே சுத்தக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் சாமை அடிக்கிற நேரம் வந்தது. எங்களுக்குக் களம் என்றால் வீட்டுக்கு மேலே இருக்கிற வழுக்குப் பாறைதான். அதன் நடுவில் அண்டா அகலத்துக்கு ஒரு குழி. மணி அதில் விழுந்து வீணாகாமலிருக்க, சாமைத் தாளைத் திணித்த சாக்கு ஒன்றை வைத்து அடைத்துவிட்டு அடிப்பது வழக்கம். மாமாவுக்கு அது போதவில்லை. குழியின் அடியில் காய்ந்து கிடந்த மண்ணைக் கடைசிப் பொடிவரை வழித்து, கொட்டகைக்குப் பின்னாலிருந்த உடைந்த கல்தொட்டியில் கொட்டினார். பிறகு தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார் பாருங்கள், பாறை பல் விளக்கியது போலாகிவிட்டது.

அந்தக் குழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழையில் அது நிறைந்தால், வாரம் பத்து நாளில் அதற்குள் பூச்சிகள் நீந்தும். நகத்துண்டு நீளம், கண்ணாடி உடம்பு, இறகு மாதிரிக் கால்கள். எந்நேரமும் மல்லாந்தே நீந்துவதால் எங்கள் வீட்டில் அதற்கு மல்லாக்கப்பூச்சி என்று பெயர். பூச்சியைத் தின்னத் தவளை வரும். தவளையைத் தேடிச் சாரைப்பாம்பு வரும். பாம்பைப் பார்த்து அம்மா கத்துவாள். அம்மா கத்திவிட்டால் மழைக்காலம் சரியாகத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் கோடைமழை ஏமாற்றிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வெயில்தான். ஆறாம் வகுப்பில் டீச்சர், உலகத்தில் முதல் உயிர் தண்ணீரில்தான் தோன்றியது, கண்ணில்லை, காலில்லை, கண்ணுக்கே தெரியாத அளவு என்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்று, எங்கள் பாறையில் அது வருடா வருடம் நடக்கிறது, கல்லும் மழையும் சேர்ந்தால் உயிர் தானாகவே வந்துவிடும் என்றேன். வகுப்பே சிரித்தது. "புளுகுமூட்டை!" என்றாள் முன்பெஞ்சுக்காரி. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "மழை வரட்டும் கண்ணு, எல்லாரும் போய்ப் பாத்துருவோம்" என்றார்.

மழை வந்தது, மலையில் மட்டும்; அடிவாரம் காய்ந்தே கிடந்தது. குழி நிறைந்தது. காலையும் மாலையும் போய்க் குப்புறப் படுத்து உற்றுப் பார்த்தேன். தண்ணீருக்குள் என் முகம்தான் தெரிந்தது. பூச்சி இல்லை, தவளை இல்லை, பாம்பு இல்லை. அம்மாவும் கத்தவில்லை. வகுப்பு வருகிற நாளுக்கு முந்தின இரவு நான் சாப்பிடாமல் படுத்ததை மாமா கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் டீச்சரும் பிள்ளைகளும் பாறையேறி வந்தபோது குழிக்குள் கறுப்பாக என்னென்னவோ நெளிந்தன! மாமா எட்ட நின்று எனக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் முன்பெஞ்சுக்காரி குனிந்து பார்த்துவிட்டாள்.

"டீச்சர், இது தலைப்பிரட்டைங்க! எங்க ஊட்டு ஓடையில சட்டி சட்டியாக் கெடக்குது!"

"இவ ஊட்டுப் பாறை தவளையப் பெத்துப்போட்டிருக்குது டீச்சர்" என்றான் இன்னொருவன்.

எனக்கு அங்கேயே பாறைக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. டீச்சர் என் தோளில் கை வைத்தபடி கேட்டார்: "போன வருசம் இருந்துச்சா கண்ணு?"

"சத்தியமா இருந்துச்சுங்க டீச்சர்."

"அப்புறம் இந்தக் குழியில யாராச்சும் கை வெச்சீங்களா?"

"நாந்தானுங்க" என்றார் மாமா. பாராட்டு வரப்போகிறது என்று நினைத்துவிட்டார். "ஒரு பொட்டு மண்ணு இருக்காதுங்க. நல்லா நார் போட்டுத் தேச்சேனுங்க."

"அந்த மண்ணெல்லாம் எங்கீங்க?"

மாமா முன்னே நடக்க, நாங்கள் பின்னே போனோம். உடைந்த தொட்டியில் பாதிவரை மழைத்தண்ணீர் நின்றது. அதற்குள் நூறு நூறாய், எல்லாம் மல்லாந்தபடி, கண்ணாடி கண்ணாடியாய் நீந்திக்கொண்டிருந்தன. தொட்டி விளிம்பில் ஒரு தவளைகூட வந்து உட்கார்ந்திருந்தது. முன்பெஞ்சுக்காரி என்னைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினாள். டீச்சர் செல்போனில் படமெடுத்தார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்த நேரத்தில் டீச்சர் பாதியைப் பிடுங்கிக்கொண்டார். "தானா வரலை கண்ணு. போன மழையில இதுகளோட ஆத்தாளுக போட்ட முட்டை, தூசியாட்டம் அந்த மண்ணுல கெடந்துருக்குது. ஒண்ணுமில்லாததுல இருந்து உசுரு வந்தது எந்தக் காலத்துலயோ. அதுக்கப்புறம் எல்லா உசுருக்கும் ஒரு ஆத்தா உண்டு."

மாமா தொட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க டீச்சர், மழையே வல்லீன்னா?"

"காஞ்சே கெடக்குமுங்க. ரெண்டு வருசமோ, மூணு வருசமோ, அதுக்கு மேலயோ. செத்துப்போயிருச்சுன்னுதான் நெனப்போம். தண்ணி பட்டா எந்திரிச்சுக்கும்."

பிள்ளைகள் எல்லாரும் போன பிறகும் மாமா எழுந்திருக்கவில்லை. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போய் ஆடை கட்டியது. பூச்சிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் போல என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன்.

காட்டிலிருந்து திரும்பிய அப்பாவிடம் நடந்ததை அம்மா சொன்னாள். அப்பா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"மாப்ளே, இனிமே அந்தக் குழியக் கழுவாதீங்க. கொட்டாயயும் கழுவ வேண்டாம், வண்டியயும் கழுவ வேண்டாம். இந்த ஊட்டுல நீங்க எதையுமே கழுவ வேண்டாம். உங்க பக்கம் மழை எப்பப் பெய்யுதோ பெய்யட்டும், அதுவரைக்கும் இங்க சும்மா இருங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் முகம் ஈரமாகவே இருந்தது. எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. என் மானத்தைக் காப்பாற்ற ஓடையில் இறங்கித் தலைப்பிரட்டை பிடித்துவந்த மனிதரை, பாவம், இப்படியா திட்டுவது?