மூன்று பள்ளிகளின் கணக்கு நோட்டு

"சாத் தூனி சௌதா... சாத் தியா இக்கீஸ்..."

உள்ளறையில் அய்யாசாமியின் மகள் கவிதா ஏழாம் வாய்ப்பாட்டை ஹிந்தியில் பாடிக்கொண்டிருந்தாள். முன்னறையில் பரமசிவம் சார் காபி டம்ளரை வைத்துவிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்.

"ஸ்கூல் பிரின்சிபால் நமக்கு வேண்டியவர். அட்மிஷனுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள். இதைக் காட்டினா ஆறாம் கிளாஸ்ல இடம் கொடுத்துருவாங்க."

பரமசிவம், அய்யாசாமியின் செக்‌ஷன் ஆபீசர். டெல்லி லோதி ரோட்டிலிருந்து இந்த முனிர்கா சந்துக்குள் அவர் தேடி வந்ததே பெரிது. அய்யாசாமி பவ்யமாகக் கையை நீட்டினார்.

"வேண்டாம் சார்," என்றாள் அவர் மனைவி பூங்கோதை.

அய்யாசாமியின் கை அப்படியே நின்றது.

ஐயோ, என்ன துணிச்சல் இவளுக்கு! ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருபது வருடக் கண்ணீர் இருந்தது. விருதுநகரில் எட்டாம் வகுப்பு வரை அவள் நோட்டு நிறைய 'சரி' என்ற டிக்தான். பரீட்சையில் கணக்கில் பதினோரு மார்க். நோட்டை யாருமே படித்துப் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. படிப்பு அதோடு போயிற்று. பிறகு அண்ணனின் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு, தானே கணக்குப் போட்டுக் கற்றுக்கொண்டாள்.

தன் பெண்ணுக்கு அது நடக்க விடுவாளா?

பக்கத்தில் மூன்று அரசுப் பள்ளிகள். மூன்றின் வாசலிலும், பள்ளி விடும் நேரத்தில் ஒரு வாரம் நின்றாள். ஹிந்தி எழுத்து அவளுக்கு வராது, எண்கள் வருமே! "பேட்டி, மேத்ஸ் காப்பி திகாவோ" என்று கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டு, ஆறாம் வகுப்புப் பெண்களின் நோட்டுகளைப் புரட்டினாள். வாசலில் காவல் நின்ற சௌக்கிதார் சிரித்தான். சிரிக்கட்டும்! பார்த்த கணக்குகளைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வந்தாள்.

இப்போது அந்தத் தாளைப் பரமசிவத்தின் முன் விரித்தாள்.

"ஒரு ஸ்கூல்ல போன ஆகஸ்டுக்கு அப்புறம் கணக்கே போடலை. ரெண்டாவது, இது நீங்க சொல்ற ஸ்கூல் சார். அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டு. டிக் போட்டிருக்காங்க."

பரமசிவம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு?"

உள்ளறையில் வாய்ப்பாடு நின்றது. கவிதா தலையை நீட்டினாள். "அங்கிள், அரை ரொட்டியோட இன்னொரு துண்டு சேர்த்தா அரையை விடக் குறையுமா?"

பரமசிவத்தின் முகம் சிவந்தது. "அப்போ மூணாவது எது? அந்த டெண்ட் ஸ்கூலா? வெயில்ல கூடாரத்துல தரையில உட்கார வைக்கப் போறியாம்மா? எட்டாங்கிளாஸ் படிச்சவங்க எல்லாம் இன்ஸ்பெக்டர் ஆயிட்டீங்களா?"

"அங்கே ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்துல டீச்சர் சிவப்பு மையில போட்டுக் காட்டியிருக்காங்க. அந்தப் பிள்ளைங்க திரும்பப் போட்டிருக்கு. என் பொண்ணு தரையிலயே உட்காரட்டும் சார்." குரல் உடைந்தது, தலை மட்டும் குனியவில்லை.

பரமசிவம் எழுந்தார். "அய்யாசாமி, நீ என்னப்பா சொல்றே? நாளைக்கு ஆபீஸ்ல என் முகத்தைப் பார்க்கணும்ல?"

அய்யாசாமி மனைவியைப் பார்த்தார். காலண்டர் தாளைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆபீசுக்கு அரை நாள் லீவு சார். டெண்ட் ஸ்கூல்ல அட்மிஷன் ஃபாரம் கொடுக்கணும்."

பரமசிவம் கடிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினார். அய்யாசாமி வாசல்வரை போய்க் கும்பிட்டுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.