பெயின்ட் வாளியில் ஒரு மல்லிகை

எங்கள் மொட்டை மாடிக்கும் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவே இருப்பது இடுப்பளவுச் சுவர்தான். சென்ற சித்திரையில் ஒரு காலை, அந்தச் சுவரைத் தாண்டிப் பதினொரு தொட்டிகள் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பக்கமிருந்து தூக்கிக் கொடுக்க, நான் இந்தப் பக்கம் வாங்கி வைத்தேன். செம்பருத்தி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி, துளசி, விளிம்பு உடைந்த குடத்தில் பத்துமணிப் பூ என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் மல்லிகை வந்தது. அது இருந்தது ஒரு பெரிய பெயின்ட் வாளியில். வாளியைச் சுவர் மேல் வைத்த அக்கா, அதிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"மத்தது பட்டாலும் போகுது தம்பி. இது மட்டும் எனக்கு இருக்கணும்."

ஏன் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கா திருவாடானைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். சத்துணவுக்கூட வேலைக்காகக் கீழக்கரைக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். ஒரே மகள். மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த பெயின்ட் தீர்ந்ததும், அந்தக் காலி வாளியில் தங்கச்சிமடத்து மல்லி நாற்று ஒன்றை நட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் கோயம்புத்தூருக்குக் குடித்தனம் போனாள். அதற்கப்புறம் ஏழு வருஷம். செடி வருஷா வருஷம் பூத்தது. அக்கா அந்தப் பூவைத் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிடுவார், ஒருநாளும் சாமி படத்துக்குக்கூட அதிகமாக வைத்துக்கொண்டதில்லை. இப்போதுதான் மகளுக்கு ஐந்தாம் மாதம். அக்கா அங்கே போய்க் கூட இருந்துவிட்டு, ஏழாம் மாதம் பிறந்ததும் வைகாசிக் கடைசியில் வளைகாப்புக்கு அழைத்துவரப் போகிறார்.

"இப்பப் பூக்குறத நீங்க வச்சுக்கங்க. வைகாசியில இன்னொரு சுத்து வரும் பாருங்க, அது அவளுக்கு. அவ வச்ச செடிப் பூவ அவ தலையில ஒருதரம் வச்சுப் பாத்துறணும்."

சரி என்று தலையாட்டினேன். அப்புறம் அக்கா பக்குவம் சொன்னார். மீன் அலசுகிற தண்ணீரை வீணாக்காமல் மல்லிக்கு விட வேண்டும், தானே அதை இந்த ஊருக்கு வந்துதான் கற்றுக்கொண்டாராம், அதிலேதான் மொட்டு கொத்துக் கொத்தாக வரும் என்றார். நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஷார்ஜாவில் ஒரு குடோனில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே என் கட்டிலுக்கு மேலே ஜன்னலில் ஒரு பாட்டில் தண்ணீரும் அதில் ஒரு மணிபிளான்ட்டும் உண்டு. அறையில் இருந்த ஆறு பேரும் அதைப் பார்த்துத்தான் படுப்போம், எழுவோம். ஊர் திரும்பிய பிறகு கிடைத்த மண்ணையெல்லாம் மாடிக்கு ஏற்றினேன். என் மனைவி சொல்லுவாள், "ஆளு ஊருக்கு வந்துட்டாக, கால் இன்னும் கீழ படல."

அந்தச் சித்திரை எனக்குக் கனவு மாதிரியே நினைவில் இருக்கிறது. காலையில் கடல் காற்று ஈரமாக வரும். எட்டு மணிக்கெல்லாம் மாடித் தளம் காலைச் சுடும். பத்து மணியானால் உடைந்த குடத்தில் பத்துமணிப் பூக்கள் யாரோ விளக்கைப் போட்டமாதிரி ஒன்றாகத் திறக்கும். அதற்கு முன்னால் போனால் ஒன்றும் இருக்காது, வெறும் பச்சை. செம்பருத்தியில் ஒரு சின்ன தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கும். மதியம் முழுக்க உலகமே வெளுத்துக் கிடக்க, நித்தியகல்யாணி மட்டும் வெயிலைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாததுபோல் நிற்கும். மாலையில் நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு மல்லிகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரத்துக்கு மொட்டுகள் வாய் திறக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பலநாள் இமைக்காமல் இருந்திருக்கிறேன். ஒருநாளும் முடிந்ததில்லை. பாங்குக்குத் தலையைத் திருப்பித் திரும்பினால் பூத்திருக்கும். தொழுதுவிட்டு வந்தால் மாடிப்படி வரைக்கும் வாசனை இறங்கி வந்திருக்கும், கையைப் பிடித்து மேலே கூட்டிப்போகும்.

சித்திரை தொடங்கியதுமே மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கியிருந்தது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. முதல் ஒரு வாரம் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவந்த மீன் கொஞ்சம் கிடைத்தது. பிறகு அதுவும் கைக்கெட்டாமல் போக, என் மச்சினன் திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்து போட்டான். வீட்டில் கருவாட்டுக் குழம்பு, கருவாட்டுப் பொரியல் என்று ஆயிற்று. சமையலறைப் பக்கம் தினமும் ஒரு சட்டியில் கருவாடு ஊறும். ஊறின தண்ணீர் ஓரமாக நிற்கும். நான் அதை மோந்து பார்த்தேன். மீன் அலசின தண்ணீரைவிடப் பத்து மடங்கு வாசம். அக்கா சொன்ன மருந்து இதில் இன்னும் காரசாரமாக இருக்கிறது என்று என் புத்தி சொல்லிற்று. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மாடிக்குக் கொண்டுபோய், வேறு எந்தச் செடிக்கும் பங்கு கொடுக்காமல், மல்லிக்கு மட்டுமே ஊற்றினேன். பத்து நாள்.

இலை விளிம்பெல்லாம் தீய்ந்த அப்பளம்போல் பழுப்பாயிற்று. வெயில் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மொட்டு உதிர்ந்தது. துணி காயப்போட மேலே வந்த மனைவிதான் வாளியைப் பார்த்து நின்றாள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது.

என்ன ஊற்றினேன் என்று கேட்டாள். சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"செடிக்கு ஊறுகா போட்டு வச்சிருக்கீக."

பிறகு அது யார் செடி என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது. ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே உட்கார்ந்து வாளியின் மண்ணைக் கிளறினாள். கொஞ்ச நேரம் கழித்து, தங்கச்சிமடத்தில் போய் இதே உயரத்தில் இன்னொன்று வாங்கி வைத்துவிட்டால் என்ன என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"அவுக இதோட தினம் பேசுறவுக. புதுசு பதில் சொல்லாது, கண்டுபிடிச்சிருவாக."

உப்பை வெளியேற்ற உப்பில்லாத தண்ணீர் வேண்டும். எங்கள் போர் தண்ணீர் கடலுக்குத் தங்கச்சி. குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள், அது குடிக்கவும் ஆக்கவுமே பற்றாது. அப்போதுதான் எதிர்வீட்டு ஏசியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டித் தெருவில் ஒரு கை அகலம் ஈரமாகி இருப்பதைப் பார்த்தேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கே அதை ஊற்றுகிற ஆட்கள் உண்டு, அதில் உப்பு இருக்காது. வாளியின் அடியில் சூடான கம்பியால் இன்னும் நான்கு ஓட்டை போட்டேன். பொருக்கைச் சுரண்டி எடுத்தேன். தீய்ந்த கிளையை எல்லாம் வெட்டினேன். வெட்டி முடித்தபோது நான்கு குச்சிதான் மிஞ்சியது.

அன்று முதல் தெருவில் ஏசி ஓடுகிற மூன்று வீட்டுக் குழாய்க்கு அடியிலும் என் கேன்கள் நின்றன. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா, அம்மாவை உம்மா என்போம். எதிர்வீட்டுத் தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்து, "காக்கா, ஒங்களுக்காகப் பகல்லயும் ஏசி போட்டுப் படுத்திருக்கேன். வீட்டுல கேட்டா நீங்கதான் சொல்லணும்" என்றான். அவன் உம்மா உள்ளேயிருந்து, அவன் செடியைச் சாக்கு வைத்துத் தூங்குகிறான் என்று குரல் கொடுத்தார். காலையும் மாலையும் ஒரு கேன், மெதுவாக, மழை பெய்வதுபோல் ஊற்றுவேன். அடியிலிருந்து வடிகிற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். முதல் நாள் உப்புக் கரித்தது. ஒரு வாரத்தில் கொஞ்சம் குறைந்தது. குச்சிகள் குச்சிகளாகவே நின்றன. மாலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் பாங்கு கேட்கும், வாசனை வராது. மூடிய கண்ணுக்குள் மட்டும் சில நேரம் பூக்கும்.

அக்கா வாரம் ஒருமுறை போன் செய்வார். மல்லி எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. "இருக்குக்கா" என்பேன். பொய் இல்லை. ஆனாலும் போனை வைத்தபின் நெஞ்சு கரிக்கும். ஒருநாள் மகளே பேசி, மாமா, ஒரு போட்டோ அனுப்புங்க என்றாள். நான் பத்துமணிப் பூவை நிறைய எடுத்து அனுப்பினேன். "அழகா இருக்கு. மல்லி எங்க மாமா?" என்று எழுதி வந்தது. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மனைவி சொன்னாள், அவர்கள் கிளம்புவதற்குள் சொல்லிவிடுங்கள் என்று. நான் நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். இதற்கிடையே ஒரு காலை, நான்கு குச்சியில் ஒன்றின் கணுவில் அரிசி அளவுக்கு ஒரு பச்சை தெரிந்தது. தூசி என்று ஊதிப் பார்த்தேன். போகவில்லை. மறுநாள் இன்னொரு கணுவில். தளிருக்குப் பின்னால் மொட்டு வந்துவிடாதா என்று ஒளிந்திருந்து பார்க்கிறவன்போல் பார்த்தேன். வைகாசி முடிய பத்து நாள்கூட இல்லை. மொட்டு வருவதற்கு அது காணாது.

அவர்கள் வந்து இறங்கிய காலை நான் வாசலிலேயே சொன்னேன். அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்தபடி காரிலிருந்து இறங்குகிறது, அக்கா கையில் இன்னும் பை இருக்கிறது. தடைக்காலம், கருவாடு, பத்து நாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மாடிப்படி ஏறினார். நான் பின்னால் போனேன். வாளியின் முன் குத்தவைத்து, குச்சிகளை எண்ணுவதுபோல் பார்த்தார். பிறகு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். உவர் மண்ணில் விவசாயம் பார்த்த குடும்பத்துப் பழக்கம் அது.

"இப்ப உப்பு இல்ல," என்றார். என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார்.

ஐந்து நாள் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா துணி காயப்போட வருவார், இந்தப் பக்கம் திரும்பாமலே போவார். தொட்டிகளைத் திருப்பிக் கேட்கவில்லை. நானாகத் தூக்கிக் கொடுக்கவும் பயமாக இருந்தது. மனைவி மட்டும் போய்வந்தாள். கடையில் பூவுக்குச் சொல்லியாகிவிட்டதாம். மகள் ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மாதான் ராத்திரியெல்லாம் புரளுகிறாராம்.

வளைகாப்பு அன்று காலை நான் மாடியில் இருந்தேன். கீழே பந்தலில் நாற்காலி போடுகிற சத்தம், யாரோ சந்தனம் கரைக்கச் சொல்லுகிற சத்தம். எங்கள் தெருப் பெண்கள் வளையல் தட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள், என் மனைவியும் போயிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து நின்றார். பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தார்.

"தம்பி, அந்த வாளி கீழ வரணுமாம். பக்கத்துல வச்சாத்தான் உக்காருவேன்னு அவ அடம்புடிக்கிறா."

பூவில்லையே அக்கா என்றேன்.

"பூ கடையில வாங்கியாச்சு. அத யாரு கேட்டா. ஒத்தையாத் தூக்க எனக்கு ஏலாது, அந்தப் பக்கம் புடிங்க."

நான் வாளியைத் தூக்கிச் சுவர் மேல் வைத்துவிட்டு, சுவரைத் தாண்டிக் குதித்தேன். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஈரமண்ணோடு நல்ல கனம். படி குறுகலானது, அக்கா எனக்கு முன்னால் பின்புறமாக இறங்கினார், ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி. கீழேயிருந்து வளையல் சத்தமும் கடைப்பூவின் வாசமும் மேலேறி வந்துகொண்டிருந்தன. திருப்பத்தில் அக்கா நின்றார். முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவா. தளிரு செவத்துல ஒரசுது பாருங்க."

நான் என் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன்.