கிளவுஸைப் பார்த்துச் சொன்ன ஆரூடம்

இன்று அக்குறணையில் போன் திருத்தக் கொடுத்தேன். கடைக்கார நானா வரப்போகும் பெண்கள் பேஸ்போல் சீசனை அலசி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"கண்டி டீமுக்கு இந்த முறை கடைசி இடம்தான். பந்து வீசுற புள்ள இடக்கை. சரிவராது."

அந்தப் புள்ள நான்தான். வலக்கையால் வீசுபவள்.

வீடியோ முடிந்ததும் கேட்டேன். "இடக்கையெண்டு எப்படித் தெரியும் நானா?"

"பேஸ்புக்ல படம் இருக்கே. இடது கையிலதானே கிளவுஸ் போட்டிருக்கு."

கிளவுஸ் போட்ட கை பந்தைப் பிடிக்க, வீசுவது மற்றக் கையால் என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொம்புளைகளுக்கு இந்த விளையாட்டெல்லாம் வெளங்காது தங்கச்சி."

அவர் அலசியது பெண்கள் அணியை.

திருத்திய போனோடு வீட்டுக்கு வந்து பார்த்தால் வீடியோவுக்கு ஏகப்பட்ட லைக். அதில் ஒன்று எங்கள் கோச் போட்டது.

நாளைப் பயிற்சிக்கு எந்தக் கையால் வீசட்டும், சொல்லுங்கள்.