பத்துப் பேர் இறங்க வேண்டும்

ஒரு பையைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடக்கூடிய ஆள் மேலப்பாளையத்தில் ஒருத்திதான் உண்டு. பெயர் சபீதா. வயது முப்பத்து நான்கு. மலையூர்களுக்குப் பறக்கும் சின்னதொரு விமான நிறுவனத்தில், எந்த விமானம் எந்த ஓடுதளத்தில் எவ்வளவு சுமையோடு கிளம்ப முடியும் என்று கணித்துச் சொல்வது அவளுடைய உத்தியோகம். அலுவலகம் சென்னையில். இவள் உட்கார்ந்திருப்பது மேலப்பாளையத்து வீட்டு மாடியில்.

தூக்கிப் பார்த்துச் சொல்லும் பழக்கம் பதினோரு வயதில் வந்தது. வாப்பா ஹாஜா துபாயில் வேலை பார்த்தார். விடுமுறை முடிந்து கிளம்பும்போது கூடத்தில் அட்டைப்பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி, தொங்கு தராசில் மாட்டி நிறுப்பார். அல்வா, ஊறுகாய், வறுத்த மாவு எல்லாம் சேர்ந்தாலும் இருபது கிலோவைத் தாண்டாது. அவர் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பெட்டிகளைச் சபீதா விளையாட்டாக அதே தராசில் மாட்டுவாள். ஒரு தடவைகூட முப்பதுக்குக் குறைந்ததில்லை. வெளியூர் போனவர் வெறுங்கையோடு தெருவுக்குள் நுழைவது மேலப்பாளையத்தில் நடக்காத காரியம். வீட்டுப் பாட்டி பெத்தும்மாவிலிருந்து பக்கத்து வீட்டுப் பாத்து வரைக்கும் ஆளுக்கொன்று வந்தாக வேண்டும்.

போன வருஷம் நிறுவனத்துக்கு ஆறு புதிய ஜெட் விமானங்கள் வாங்கும் பேச்சு எழுந்தது. வடக்கே, நடு இமயமலையில் ஒரு சுற்றுலா ஊர். ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரம், குட்டையான ஓடுதளம், எதிரே ஒரு மலைமுகடு. காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிற்பதால் விமானம் பதினொரு மணிக்குத்தான் இறங்க முடியும். உச்சி வெயிலில்தான் திரும்பக் கிளம்ப முடியும். உயரமும் வெயிலும் சேர்ந்தால் காற்று லேசாகிவிடும். லேசான காற்றில் விமானம் தூக்குகிற சுமை குறையும். இரண்டு ஜெட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எண்பத்தெட்டு இருக்கை கொண்ட பெரியது, எழுபது இருக்கை கொண்ட சின்னது.

நிறுவனத் தலைவர் கண்ணனுக்குப் பெரியதன்மேல் ஆசை. அதன் பொம்மை ஒன்றை மேஜையில் வைத்து, வாலுக்கு வர்ணம்கூடத் தீட்டியாயிற்று. ஆளுக்குப் பெட்டியோடு சேர்த்துத் தொண்ணூறு கிலோ என்பது வழக்கமான கணக்கு. அதன்படி எண்பத்தெட்டுப் பேரும் அந்த ஓடுதளத்திலிருந்து கிளம்பலாம். கிளம்பலாம் என்று மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சபீதா போடவில்லை. தொங்கு தராசை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனாள். மலைச் சுற்றுலா போய்விட்டு வந்து இறங்குகிறவர்களை மடக்கி மடக்கிப் பெட்டியை நிறுத்தாள். மூன்று வாரம். புதுமாப்பிள்ளைகள் முறைத்தார்கள், போர்ட்டர்கள் சிரித்தார்கள், ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் இரண்டு தடவை விசாரித்தார். வெட்கப்படுகிற ஜாதியில்லை அவள். கடைசியில் அறிக்கை எழுதினாள்: திரும்பும்போது பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு நூற்றியொரு கிலோ. பெரிய விமானமென்றால் ஒவ்வொரு நாளும் பத்துப் பேரை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சின்னது எழுபது பேரையும் ஏற்றிக்கொண்டு சிரமமில்லாமல் எழும்பும்.

காணொளிக் கூட்டத்தில் கண்ணன் அறிக்கையை ஆட்டிக் காட்டினார். “ரயில்வே ஸ்டேஷன்ல தராசு பிடிச்ச கணக்கை நம்பி நான் விமானம் வாங்கணுமா? பெரிய விமானம் அடுத்த மாசம் வெள்ளோட்டத்துக்கு வருது. விருந்தாளிங்க, நம்ம ஆளுங்கன்னு எண்பத்தெட்டு சீட்டையும் நிரப்பிட்டுப் போய், ரெண்டு ராத்திரி தங்கிட்டுத் திரும்புவோம். நீங்களும் வாங்க. யாரையும் இறக்காம வந்துட்டோம்னா உங்க இடத்துக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்.”

“சரி சார். பத்துப் பேர் இறங்கணும். எழுதி வச்சிக்கிடுங்க,” என்றாள் சபீதா.

கூட்டம் முடிந்ததும் தலைமை விமானி ஜெர்வின் கூப்பிட்டார். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். வானத்தில் இருபது வருஷம். “யம்மா சபீதா, ஒம்போது, பதினொண்ணுனு கொஞ்சம் தள்ளி வச்சிச் சொல்லக்கூடாதா? இப்படி ஒத்தைக் கால்ல நிக்குதியே?”

“நிறுத்துட்டுத்தான சொல்லுதேன் அண்ணாச்சி. பெறவு எதுக்குத் தள்ளி வைக்கணும்?”

கிளம்புகிற அன்று டெல்லியில் எல்லோரையும் பெட்டியோடு எடைமேடையில் ஏற்றினாள். சராசரி எண்பத்தொன்பதரை. சபீதா தன் பெட்டியோடு எழுபத்தொன்று. கண்ணன் அந்த எடைச்சீட்டை வாங்கிப் பார்த்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வழிநெடுக அவர் முகத்தில் சிரிப்பு மாறவேயில்லை. சபீதாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போகும்போது யார் கனமாகப் போகிறார்கள்?

இரண்டாம் நாள் சாயங்காலம் உம்மா ஆபிதா பீவி போனில் வந்தாள். “பாத்து வீட்டுக்கு ஒரு சால்வை எடுத்துருட்டி. அவளுக்கு எடுத்தா எதுத்த வீட்டு ரைஹானத்துக்கு எடுக்காம இருக்க முடியாது. பெத்தும்மாவுக்குக் கம்பிளி. கொஞ்சம் அக்ரூட்டும் வாங்கிக்கோ, தெருவுக்குக் குடுக்கணும்லா?”

“சரிம்மா,” என்று சபீதா கடைவீதிக்குப் போனாள். கடைவீதியில் விருந்தாளிகள் எல்லோரும் இருந்தார்கள். யாரும் யாரையும் கண்டுகொள்ளவில்லை. அவரவருக்கு அவரவர் பட்டியல்.

மூன்றாம் நாள் உச்சிவேளை. இருபத்தெட்டு டிகிரி வெயில். சபீதா எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராக ஏற்றினாள். ஆப்பிள் பெட்டிகள், கம்பளிகள், குங்குமப்பூ டப்பாக்கள், ஒருவரிடம் மரத்தில் செதுக்கிய ஆளுயரக் கரடி. கண்ணனின் சிரிப்பு பாதி வரிசையிலேயே போய்விட்டது. கடைசி ஆளாகச் சபீதா ஏறினாள். எண்பத்து நான்கு.

முள்ளைப் பார்த்தவள் ஒரு நொடி விழித்தாள். பதின்மூன்று கிலோ கூடுதல். அறிக்கை எழுதியவள், தராசும் கையுமாக ஊரையே முறைக்க வைத்தவள், தன் பெட்டியை மறந்தேபோய் நிரப்பியிருக்கிறாள். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நீங்களுமா?” என்றார் கண்ணன்.

“நான் மேலப்பாளையத்துக்காரி சார். வெறுங்கையோட தெருவுக்குள்ள எப்படிப் போவ? எனக்கே தெரியாம வாங்கியிருக்கேன்னா, மத்தவங்களை என்ன சொல்லுதது?”

சராசரி நூற்றியொன்று. அரைக் கிலோகூட முன்னே பின்னே இல்லை. சுமைச்சீட்டை ஜெர்வினிடம் நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு எதிரே இருந்த முகட்டை ஒரு தடவை பார்த்தார். “பத்துப் பேர் எறங்கணும், சார். இல்லைன்னா நான் ஏறமாட்டேன்,” என்றார் கண்ணனிடம்.

“பெட்டிங்களை மட்டும் இறக்கினா?”

“இறக்கலாம் சார். எந்தப் பெட்டின்னு நீங்களே போய்க் கேளுங்க,” என்றாள் சபீதா.

கண்ணன் வரிசையைப் பார்த்தார். கரடிக்காரர் கரடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணன் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தன் ஆப்பிள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகி வந்து நின்றார். சபீதா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பின்னாலேயே நிறுவன ஆட்கள் எட்டுப் பேர் முணுமுணுத்தபடி வந்தார்கள்.

விமானம் ஓடியது. ஓடுதளம் தீரப்போகிற இடத்தில் மூக்கைத் தூக்கியது. மற்ற ஒன்பது பேரும் கழுத்தை நீட்டி முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபீதா கீழே குனிந்து தன் பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த விமானம் எவ்வளவு இடைவெளி விட்டு முகட்டைத் தாண்டும் என்று போன மாதமே எழுதிவைத்தவளுக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போய் அடங்கியது.

கண்ணன் கையிலிருந்த ஆப்பிள் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, “இந்தப் பத்துப் பேரும் இருந்திருந்தா?” என்றார்.

“ஜெர்வின் அண்ணாச்சி கதவையே சாத்தியிருக்க மாட்டாவ.”

“தினமும் பத்துப் பேர்கிட்ட இதைச் சொல்ல என்னால ஆகாதும்மா. சின்னதையே எடுத்துடலாம். ஆறும்.”

சபீதாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதை மறைக்கவெல்லாம் இல்லை. பல் தெரியச் சிரித்தாள்.

கீழே டெல்லிக்குப் போகப் பத்துப் பேருக்கும் ஒரு வேன் வந்தது. மலைப்பாதையில் கூரைமேல் ஆளுக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்றான் ஓட்டுநர். எல்லோரும் சபீதாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணனின் ஆப்பிள் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி, ஒரு கணம் பிடித்திருந்து, இறக்கி வைத்தாள்.

“பதினெட்டரை.”

ஓட்டுநர் நம்பாமல் தராசைத் தேடினான். கண்ணன் அதற்குள் கீழே உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, ஆப்பிள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கியிருந்தார்.