கொல்லனுக்கு இன்னா பேரு?

1994-ல் தசரதனுக்கு வந்த பேஜார் எதிரிக்குக்கூட வரக்கூடாது. தாம்பரத்துக்குக் கிழக்கே கொல்லமேட்டில் அவன் பிறந்து வளர்ந்த ஓட்டு வீட்டைச் சுற்றி, பிளாட் போடுகிற ஒருத்தன் கல் நட்டுவிட்டான். பத்திரம் வேறு வைத்திருந்தான். திங்கட்கிழமைக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்த இடம் ஊர்க் கொல்லனுக்கு விட்ட மானியம், பழைய பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்தக் கொல்லன் தசரதனின் தாத்தா. ஆனால் பாருங்கள், பெயர் எழுதவேண்டிய கட்டத்திலும் 'கொல்லன்' என்றுதான் எழுதியிருந்தது. எழுதின மகராசனுக்கு ஒரு வார்த்தை கேட்டு எழுத வலித்ததாக்கும்.

கிளார்க் ஏசுபாதம் நல்ல மனுஷர்தான். "நீங்க அவரு பேரன்னு ஊரே சொல்லுது. கொல்லன் இன்னாருதான்னு பேரு போட்டு ஏதாவது ஒண்ணு காட்டுங்க. காயிதமோ கல்வெட்டோ, எழுத்துல இருந்தா போதும்" என்றார். தசரதனுக்குத் தாத்தா பேர் தெரியாது. அப்பா ஏகநாதன் இவனுக்கு நாலு வயசாகும்போதே போய்விட்டார். அம்மாவோ மாமனார் பேரை வாயால் சொல்லாமலே வாழ்ந்து முடித்தவள்.

மறைமலை நகர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். நிலக்காரர் ஜெயவேலு, தாத்தாவின் இடது கைப் பழக்கம், கருகின புருவம், அவர் அடித்த கலப்பைக் கொழு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பேரைக் கேட்டதும் மோட்டுவளையைப் பார்த்தார்.

"கொல்லனுக்கு இன்னா பேரு தசரதா? கொல்லான்னு கூப்ட்டா வருவாரு."

ஐம்பது வருஷம் உன் வீட்டுக்கு அரிவாள் அடித்த ஆள், பேர் தெரியாதாம்! தசரதன் அடுத்த வீட்டுக்கு நடந்தான். எட்டு வீட்டிலும் இதே கதைதான்.

சனிக்கிழமை சாயங்காலம், பூக்கட்டும் கங்கையம்மாள்தான் எல்லையம்மன் கோயில் சூலத்தை ஞாபகப்படுத்தினாள். அது தாத்தா அடித்து நட்டது, அடியில் எழுத்து வெட்டியிருந்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறாளாம். மறுநாள் விடிந்ததும் மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாகத் தசரதனும் பெண்டாட்டியும் ஓடினார்கள். வருஷா வருஷம் பூசின பெயிண்டும் எண்ணெய்ப் பிசுக்குமாக விரல் தடிமனுக்கு ஏறிக் கிடந்தது. அவன் பெண்டாட்டி திரிபுரசுந்தரி, "தாயே, ஒரு பேரு, ஒரே ஒரு பேரு" என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். உச்சி வெயில் ஏறியபோது முதலில் ஒரு 'உ' வந்தது. பிறகு 'பயம்'. உபயம்! அடுத்தது பேர்தான் என்று தசரதன் கீழ் வரியைத் தேய்த்தான்.

ஊர்க் கொல்லன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ எழுதினதும் இல்லை, தாத்தா தன் கையால், தன் உளியால் வெட்டியது.

"உன் பேரு உனக்கே தேவப்படலியா தாத்தா?" என்று சூலத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். திரிபுரசுந்தரி உப்புத்தாளைக் கீழே போடாமல், வெறும் இரும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் பெஞ்சில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். பதினோரு மணிக்குப் பியூன் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தான்.

"யாருப்பா இங்க கொல்லன்? உள்ள வா."

தசரதன் எழுந்து போனான்.